அபத்த நாடகம்: புரியாமைக்குள் இருக்கும் கறாரான ஒழுங்கு

கதை ஓடாத, வசனம் ஒட்டாத, முடிவு சொல்லாத எந்த நாடகத்தைப் பார்த்தாலும் ‘இது அபத்த நாடகம்’ என்று சொல்லிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் சொல்பவர்கள் மனதில் பெரும்பாலும் இரண்டில் ஒரு எண்ணம் இருக்கும். உள்ளே ஏதோ ரகசிய அர்த்தம் ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்பது ஒன்று. எதற்கும் அர்த்தம் கிடையாது, எழுதியவர் மனம் போன போக்கில் எழுதியிருக்கிறார் என்பது மற்றொன்று. சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தில் கடைசிவரை வராத அந்தக் கோடோ கடவுளா, மரணமா, விடுதலையா என்று எழுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர் யாரென்று தனக்குத் தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேன் என்பதுதான் பெக்கெட் கொடுத்த பதில்.

இந்தப் பதிலை நழுவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த நாடக வகையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை. வாழ்க்கையில் மனிதன் எதற்கோ காத்திருக்கிறான் என்று மேடையில் யாரும் விளக்கிப் பேசுவதில்லை. அதற்குப் பதில் பார்க்க வந்தவரையும் சேர்த்துக் காத்திருக்க வைக்கிறார்கள். சொல்ல வேண்டியதை வசனத்தில் வைக்காமல் நாடகத்தின் அமைப்பிலேயே வைப்பதுதான் அபத்த நாடகத்தின் முதல் விதி. மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

பெயர் எப்படி வந்தது?

அபத்த நாடகம் என்று ஓர் இயக்கம் இருந்ததில்லை. கொள்கை அறிக்கை வெளியிட்டவர்கள் யாரும் இல்லை. சங்கம், பத்திரிகை, தலைவர் எதுவும் கிடையாது. பெயர் வைத்தவர் ஒரு விமர்சகர்: மார்ட்டின் எஸ்லின். புடாபெஸ்டில் பிறந்து, வியன்னாவில் வளர்ந்து, 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்து, பிபிசி வானொலியில் நாடகத் துறைக்குத் தலைமை ஏற்கும் நிலைவரை உயர்ந்தவர். 1961இல் அவர் வெளியிட்ட நூல், பெக்கெட், யூஜின் அயனெஸ்கோ, ஆர்தர் அதமோவ், ழான் ஜெனே ஆகிய நால்வரை மையமாக வைத்து, அவர்களுக்குள் பொதுவாக இருந்த சில போக்குகளை அடையாளம் காட்டியது. ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டருக்குத் தனி அத்தியாயம் பின்னால் சேர்க்கப்பட்டது. எழுத்தாளர்களில் பலருக்கு இந்த முத்திரை பிடிக்கவில்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த நால்வரில் மூவர் பிரான்ஸுக்கு வெளியே பிறந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெக்கெட் அயர்லாந்துக்காரர், அயனெஸ்கோ ருமேனியாவில் பிறந்தவர், அதமோவ் ருஷ்யாவில் பிறந்தவர். மூவரும் பாரிஸில் இருந்துகொண்டு பிரெஞ்சில் நாடகம் எழுதினார்கள். ஜெனே பிரெஞ்சுக்காரர்தான், ஆனால் தாயால் கைவிடப்பட்டு, சிறைகளில் பல காலம் கழித்தவர். ஆக, இந்த நாடகங்களில் மொழி ஏன் எப்போதும் கொஞ்சம் அந்நியமாக ஒலிக்கிறது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை இவர்களுடைய வாழ்க்கையிலேயே கிடைக்கிறது.

இந்த நாடக வகை திடீரென்று வானத்திலிருந்து குதித்ததும் இல்லை. 1896இல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் ஜாரியின் ‘உபு ராஜா’ ஒரு கெட்ட வார்த்தையோடு தொடங்கி அரங்கில் கூச்சலைக் கிளப்பியது. 1916இல் ஜூரிச்சில் டாடா என்ற கலக இயக்கத்தின் கலைஞர்கள் அர்த்தமற்ற ஒலிகளைக் கவிதையாக வாசித்தார்கள். அப்புறம் மௌனப்படக் காலத்து நகைச்சுவை நடிகர்கள். பெக்கெட்டின் நாடோடிகள் தொப்பியைக் கழற்றி மாட்டும் விதத்தில் சாப்ளினும் பஸ்டர் கீட்டனும் தெரிவார்கள். பிற்பாடு கீட்டனையே வைத்து பெக்கெட் ஒரு குறும்படம் எழுதினார்.

‘அபத்தம்’ என்பதன் தத்துவப் பொருள்

எஸ்லின் இந்தச் சொல்லை பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவிடமிருந்து எடுத்துக்கொண்டார். பிரான்ஸ் ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த 1942இல் வெளிவந்தது காம்யுவின் ‘சிசிபஸ் புராணம்’. மலையுச்சிக்குப் பாறையை உருட்டிக்கொண்டு போவதும், அது உருண்டு விழுந்ததும் மறுபடி உருட்டுவதுமாகத் தண்டிக்கப்பட்ட கிரேக்கப் புராண மனிதனை வைத்து எழுதப்பட்ட கட்டுரை நூல் அது.

காம்யுவின் வாதத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. மனிதனுக்குக் காரணம் வேண்டும். ஏன் பிறந்தோம், ஏன் துன்பப்படுகிறோம், ஏன் சாகிறோம் என்று கேட்காமல் அவனால் இருக்க முடியாது.

2. உலகம் பதில் சொல்வதில்லை. அதற்கு மனிதன்மேல் பகையும் இல்லை, பரிவும் இல்லை. அது மௌனமாக இருக்கிறது.

3. அபத்தம் மனிதனுக்குள்ளும் இல்லை, உலகத்துக்குள்ளும் இல்லை. இந்தக் கேள்வியும் அந்த மௌனமும் மோதிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டாலும் அபத்தம் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். அன்றாடப் பேச்சில் அபத்தம் என்றால் பிதற்றல், முட்டாள்தனம். இங்கே அது ஓர் உறவின் பெயர். அர்த்தத்தைத் தேடாத மனிதனுக்கு அபத்தமே கிடையாது. அதனால்தான் அபத்த நாடகத்தின் பாத்திரங்கள் யாரும் வாழ்க்கையில் ஆர்வமற்றவர்கள் அல்ல. அவர்கள் விடாமல் தேடுகிறார்கள், கேட்கிறார்கள், பேசுகிறார்கள். பதில்தான் வருவதில்லை.

சரி, காம்யுவும் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரும்கூட நாடகம் எழுதினார்களே, அவற்றை ஏன் இந்த வகையில் சேர்ப்பதில்லை? எஸ்லின் இங்கே போட்ட கோடு மிகவும் தெளிவானது. 1944இல் மேடையேறிய சார்த்தரின் ‘மீள முடியாத அறை’ நரகத்தில் நடக்கிறது. ஆனால் அங்கே இருப்பவர்கள் தெளிவாக வாதாடுகிறார்கள். ஒருவருடைய கடந்தகாலம் மற்றவருக்குத் தெரியவருகிறது, பதற்றம் படிப்படியாக ஏறுகிறது. உலகம் பகுத்தறிவுக்கு அடங்காதது என்ற கருத்தை, பகுத்தறிவுக்கு முழுக்க அடங்கிய வடிவத்தில் சொல்கிறார்கள். பெக்கெட்டும் அயனெஸ்கோவும் அந்த முரணை ஒழித்தார்கள். தர்க்கம் உடைந்த உலகம் என்றால் நாடகத்தின் தர்க்கமும் உடைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை.

வழக்கமான நாடகம் தரும் வாக்குறுதிகள்

உடைந்தது என்ன என்று தெரிய, உடையாமல் இருந்தது என்ன என்று தெரிய வேண்டும். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து மேற்கத்திய நாடகம் பார்வையாளருக்குச் சில வாக்குறுதிகளைக் கொடுத்து வந்திருக்கிறது. நாம் சினிமா பார்க்கும்போதும் இவற்றைத்தான் எதிர்பார்க்கிறோம்.

1. ஒன்று நடந்தால் அதற்குக் காரணம் இருக்கும். அதன் விளைவும் பின்னால் வரும்.

2. பாத்திரத்துக்கு ஒரு பெயர், ஒரு கடந்தகாலம், ஒரு நோக்கம் இருக்கும்.

3. பேசினால் ஏதாவது ஒன்று தெரியவரும். ஒரு தகவல், ஓர் உணர்ச்சி, ஒரு முடிவு.

4. நேரம் முன்னோக்கி ஓடும்.

5. முடிச்சு கடைசியில் அவிழும்.

அபத்த நாடகம் இந்த ஐந்தையும் திட்டமிட்டு மீறுகிறது. ஒரே நாடகம் ஐந்தையும் மீற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் மீறுவதாக முடிவெடுத்த விதியைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் மீறும்.

சுழலும் கதை

வழக்கமான கதை ஒரு கோட்டில் போகும். அபத்த நாடகத்தின் கதை பெரும்பாலும் வட்டம்.

‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ 1953 ஜனவரி 5 அன்று பாரிஸின் பாபிலோன் அரங்கில், ரோஜர் பிளினின் இயக்கத்தில் முதலில் மேடையேறியது. ஒரு கிராமத்துச் சாலை, ஒரு மரம், மாலை நேரம். விளாதிமிர், எஸ்ட்ரகன் என்ற இருவர் காத்திருக்கிறார்கள். போட்ஸோ என்ற எஜமானனும் கழுத்தில் கயிறு கட்டப்பட்ட லக்கி என்ற வேலைக்காரனும் வந்து போகிறார்கள். கடைசியில் ஒரு சிறுவன் வந்து, கோடோ இன்றைக்கு வரமாட்டார், நாளை நிச்சயம் வருவார் என்கிறான். இரண்டாம் அங்கத்திலும் இதேதான் நடக்கிறது. அதே சாலை, அதே இருவர், அதே எஜமானன், அதே வேலைக்காரன், அதே செய்தி.

ஆனால் இரண்டும் ஒன்றில்லை, அங்கேதான் கலை இருக்கிறது. மொட்டையாக நின்ற மரத்தில் சில இலைகள் முளைத்திருக்கின்றன. போட்ஸோவுக்குக் கண் தெரியவில்லை. முதல் அங்கத்தில் மூச்சுவிடாமல் பேசிய லக்கி ஊமையாகிவிட்டான். சிறுவன் தான் நேற்று வரவே இல்லை என்கிறான். எஸ்ட்ரகனுக்கு நேற்று நடந்தது நினைவில்லை. முதல் முறை பார்த்தபோது அது ஒரு நாள். இரண்டாம் முறை பார்க்கும்போது, இது எத்தனையாவது நாள் என்ற கேள்வி பார்ப்பவருக்குத் தானாக எழுகிறது. மூன்றாம் அங்கம் எழுதத் தேவையே இல்லை. அதை நாமே மனதுக்குள் நடத்திக்கொள்கிறோம். இரண்டு என்ற எண்ணிக்கையை பெக்கெட் எவ்வளவு யோசித்துத் தேர்ந்திருக்கிறார் என்பது இங்கே தெரியும்.

அயனெஸ்கோவின் ‘பாடம்’ (1951) வட்டத்தை வேறு விதமாகப் போடுகிறது. கூச்ச சுபாவமுள்ள ஒரு பேராசிரியர் வீட்டுக்கு உற்சாகமான மாணவி பாடம் படிக்க வருகிறாள். கணக்கில் தொடங்கி மொழியியலுக்குப் போகப் போக, அவர் குரல் ஏறுகிறது, அவள் குரல் தேய்கிறது. அவளுக்குப் பல் வலிக்கிறது, அவர் பாடத்தை நிறுத்துவதில்லை. கடைசியில் கத்தி என்ற சொல்லைக் கற்பித்துக்கொண்டே அவளைக் குத்திக் கொல்கிறார். அன்றைக்கு அது நாற்பதாவது கொலை என்று வேலைக்காரி கணக்குச் சொல்கிறாள். வாசலில் மணி அடிக்கிறது. அடுத்த மாணவி.

ஒரு கொலையோடு நின்றிருந்தால் இது ஒரு பைத்தியக்காரனின் கதை. நாற்பது என்ற எண்ணும் அடுத்த மணியோசையும் இதை ஓர் ஏற்பாடாக, ஒரு நிறுவனமாக மாற்றிவிடுகின்றன.

மொழி பழுதாகும்போது

என் பார்வையில் அபத்த நாடகத்தின் மிகப்பெரிய கண்டுபிடிப்பு மொழியைக் கையாண்ட விதம்தான். கதைச் சுழற்சியைப் பிறகு வந்த எத்தனையோ பேர் எளிதாக எடுத்துக்கொண்டார்கள். இதை அவ்வளவு எளிதில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

1940களின் இறுதியில் அயனெஸ்கோ ஆங்கிலம் கற்கப் பாடநூல் ஒன்றை வாங்கி, அதிலிருந்த வாக்கியங்களை எழுதிப் பார்த்தார். வாரத்துக்கு ஏழு நாட்கள், தரை கீழே இருக்கிறது, கூரை மேலே இருக்கிறது என்பது போன்ற வாக்கியங்கள். எல்லாம் உண்மை. ஆனால் எந்த மனிதனும் இன்னொரு மனிதனிடம் சொல்லத் தேவையில்லாத உண்மைகள். அந்தப் பாடநூலின் தம்பதிகள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். இதிலிருந்து பிறந்தது ‘மொட்டைத் தலைப் பாடகி’. 1950 மே 11 அன்று பாரிஸில் அரங்கேறியபோது பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1957 முதல் பாரிஸின் சிறிய ஊஷெட் அரங்கில் ‘பாடம்’ நாடகத்தோடு சேர்ந்து பல்லாயிரம் முறை நடந்திருக்கிறது.

நாடகம் தொடங்கும்போது கடிகாரம் பதினேழு முறை அடிக்கிறது. ஒன்பது மணி ஆகிவிட்டது என்கிறார் வீட்டுக்காரரான ஸ்மித்தின் மனைவி. பாபி வாட்ஸன் என்ற ஒருவர் இறந்ததைப் பேசுகிறார்கள். அவர் மனைவி பெயரும் பாபி வாட்ஸன், பிள்ளைகளும் பாபி வாட்ஸன், மாமா அத்தை எல்லோரும் பாபி வாட்ஸன். விருந்தாளியாக வந்த மார்ட்டின் தம்பதி, எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று பேசத் தொடங்கி, ஒரே ரயிலில் வந்தோம், ஒரே தெருவில் இருக்கிறோம், ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் என்று சான்றுகளை அடுக்கி, தாங்கள் கணவன் மனைவி என்ற முடிவுக்கு வருகிறார்கள். உடனே வேலைக்காரி பார்வையாளரிடம் வந்து அந்த முடிவு தவறு என்று நிரூபித்துவிட்டுப் போகிறாள்.

இதில் தர்க்கம் இல்லை என்று சொல்ல முடியாது. தர்க்கம் அளவுக்கு மேல் இருக்கிறது. பிடித்துக்கொள்ள ஓர் அனுபவம் இல்லாமல் தர்க்கம் மட்டும் தனியாக ஓடினால் எங்கே போய் முட்டும் என்பதைத்தான் காட்டுகிறார்கள். கணவன் மனைவிக்குத் தாங்கள் யாரென்று உணர்வால் தெரியவில்லை, ஆதாரத்தால் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அரங்கில் சிரிப்பு வெடிக்கும் இடம் இது. நின்று யோசித்தால் நடுக்கம் வரும் இடமும் இதுவே. முடிவில் வாக்கியங்கள் சிதறிச் சொற்களாகி, சொற்கள் சிதறி எழுத்துகளாகின்றன. விளக்கு அணைந்து மீண்டும் எரியும்போது, ஸ்மித் தம்பதி இருந்த இடத்தில் மார்ட்டின் தம்பதி உட்கார்ந்து அதே முதல் வசனங்களைப் பேசத் தொடங்குகிறார்கள். ஆட்கள் மாறியதால் எந்த வித்தியாசமும் இல்லை.

மொழியை இவர்கள் உடைத்த விதங்களைப் பிரித்துப் பார்த்தால் இப்படி வரும்:

1. தேய்ந்த வழக்குச் சொற்கள். உபசார வார்த்தைகள், பழமொழிகள், செய்தித்தாள் நடை. எல்லாம் பொருள் போன பிறகும் வாயில் தங்கியிருப்பவை. இது அயனெஸ்கோவின் களம்.

2. வெள்ளமாகக் கொட்டும் பேச்சு. லக்கியிடம் “யோசி” என்று கட்டளையிட்டதும், இறையியல், விளையாட்டு, ஆராய்ச்சிச் சான்று எல்லாம் கலந்து அவன் நிறுத்தற்குறியே இல்லாமல் பேசும் பல பக்க வசனம். கேட்கும்போது குப்பையாகத் தோன்றும். உன்னிப்பாகக் கேட்டால், மனிதன் சுருங்கித் தேய்ந்துகொண்டே போகிறான் என்ற ஒரு சரடு அடியில் ஓடுவது தெரியும்.

3. மௌனம். பெக்கெட்டும் பின்டரும் மேடைக் குறிப்பில் எழுதும் இடைவெளிகளும் வசனம்தான். பின்டரிடம் ஒருவர் பேசாமல் இருந்தால், அவர் எதையோ மறைக்கிறார் அல்லது மிரட்டுகிறார்.

4. ஒருவரை உடைக்கும் கருவியாகப் பேச்சு. பின்டரின் ‘பிறந்தநாள் விருந்து’ (1958) நாடகத்தில் கடலோர விடுதியில் தங்கியிருக்கும் ஸ்டான்லியை இரண்டு புதியவர்கள் விசாரிக்கிறார்கள். குற்றம் என்ன என்று சொல்வதே இல்லை. அரசியல், மதம், விடுகதை என்று பொருந்தாத கேள்விகளை மாற்றி மாற்றி எறிகிறார்கள். பதில் வேண்டும் என்பது அவர்கள் நோக்கமில்லை. அடுத்த நாள் காலை அவனால் ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை. லண்டனில் இந்த நாடகம் ஒரே வாரத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. அதை எழுதியவருக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

இடம், உடல், பொருள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வழக்கமான நாடகத்தில் பின்னணி என்பது கதை நடக்கும் இடம். அபத்த நாடகத்தில் பாத்திரத்தின் நிலைமையே கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாறி மேடையில் நிற்கும். பெக்கெட்டின் ‘மகிழ்ச்சியான நாட்கள்’ (1961) நாடகத்தின் வின்னி முதல் அங்கத்தில் இடுப்புவரை மண்ணில் புதைந்திருக்கிறாள், இரண்டாம் அங்கத்தில் கழுத்துவரை. இன்றைக்கும் நல்ல நாள்தான் என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ‘இறுதி ஆட்டம்’ (1957) நாடகத்தில் எஜமானன் ஹேமால் எழுந்து நிற்க முடியாது, வேலைக்காரன் கிளோவால் உட்கார முடியாது, ஹேமின் வயதான பெற்றோர் குப்பைத்தொட்டிக்குள் இருக்கிறார்கள். அயனெஸ்கோவின் ‘நாற்காலிகள்’ (1952) நாடகத்தில் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்காகக் கிழத் தம்பதி நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுப் போட்டு, கடைசியில் அவர்களுக்கே நிற்க இடமில்லாமல் போகிறது.

இந்தப் படிமங்களை மாற்றிப் போட்டால் நாடகமே மாறிவிடும். அதனால்தான் பெக்கெட் மேடைக் குறிப்புகளில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார். 1984இல் அமெரிக்காவில் ஒரு குழு ‘இறுதி ஆட்ட’த்தைப் பாழடைந்த சுரங்க ரயில் நிலையத்தில் நடப்பதாக அமைத்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். அவருடைய மறுப்புரை நிகழ்ச்சிக் கையேட்டில் அச்சிடப்பட்ட பிறகே நாடகம் நடந்தது. இயக்குநரின் சுதந்திரத்துக்கு எல்லை எங்கே என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அபத்த நாடகம் என்றால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் கருக்கள்

1. காத்திருத்தல். எதற்காக என்பது முக்கியமில்லை. காத்திருக்கும்போது நேரம் எப்படிக் கனக்கிறது, அதை ஓட்ட மனிதர்கள் என்னென்ன விளையாட்டுகளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதே விஷயம்.

2. பிரிய முடியாத இருவர். விளாதிமிர், எஸ்ட்ரகன். ஹேம், கிளோவ். ஜெனேயின் ‘பணிப்பெண்கள்’ (1947) நாடகத்தில் எஜமானி இல்லாத நேரத்தில் எஜமானி வேடம் போட்டு நடிக்கும் இரண்டு சகோதரிகள். ஒருவரை ஒருவர் வெறுக்கிறார்கள், விட்டுப் போகவும் முடியவில்லை. யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தான் இருப்பது உறுதியாகும் என்ற பயம் இந்த உறவுகளுக்கு அடியில் இருக்கிறது. போட்ஸோவும் லக்கியும் இதே உறவின் கொடூர வடிவம். கயிறு இருவரையும் கட்டியிருக்கிறது.

3. கூட்டத்தோடு கரைதல். அயனெஸ்கோவின் ‘காண்டாமிருகம்’ (1959) இதற்கு நேரடி உதாரணம். ஊரில் ஒவ்வொருவராகக் காண்டாமிருகமாக மாறுகிறார்கள். ஓடிய மிருகத்துக்கு ஒரு கொம்பா இரண்டு கொம்பா என்று அறிவாளிகள் விவாதிக்கிறார்கள். ஒவ்வொருவரும் மாறுவதற்கு ஒரு நியாயமான காரணம் சொல்கிறார்கள். 1930களின் ருமேனியாவில் தன் நண்பர்களும் படித்தவர்களும் பாசிசத்தின் பக்கம் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர் அயனெஸ்கோ.

4. நினைவின் துரோகம். பெக்கெட்டின் ‘கிராப்பின் கடைசி ஒலிநாடா’ (1958) நாடகத்தில் அறுபத்தொன்பது வயதுக் கிழவர், தன் முப்பத்தொன்பது வயதுக் குரலைப் பதிவுநாடாவில் கேட்கிறார். அது அவருக்கே அந்நியமாக ஒலிக்கிறது.

மரணத்தைத் தனிக் கருவாகச் சேர்க்கவில்லை. அது எல்லாவற்றிலும் இருக்கிறது.

சிரிப்பு ஏன்?

படித்து மட்டும் தெரிந்துகொண்டவர்கள் தவறவிடுவது இதைத்தான். இந்த நாடகங்கள் சிரிப்பு மூட்டுபவை. ‘கோடோ’வில் தூக்குப் போட்டுக்கொள்ள முடிவெடுத்த இருவர், இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அது தாங்குமா என்று இழுத்துப் பார்க்கிறார்கள். கயிறு அறுந்துவிடுகிறது, கால்சட்டை ஏற்கெனவே கீழே நழுவிக் கிடக்கிறது. சாவதற்கான முயற்சியும் கோமாளித்தனமும் ஒரே செயலில் சேர்ந்திருக்கின்றன. பெக்கெட் தன் நாடகத்துக்கு வைத்த ஆங்கிலத் துணைத்தலைப்பே அதை இன்பியலும் துன்பியலும் கலந்தது என்கிறது. சிரிப்பை எடுத்துவிட்டு முழுக்க இருட்டாக நடிக்கும் தயாரிப்புகள் நாடகத்தைப் பாதியாக வெட்டிவிடுகின்றன.

யாருக்குப் புரிந்தது?

1956 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி நகரில் ‘கோடோ’வை இரண்டு கண்டங்களைச் சிரிக்க வைத்த நாடகம் என்று விளம்பரம் செய்து நடத்தினார்கள். வசதியான பார்வையாளர்களில் நிறையப் பேர் இடைவேளையிலேயே எழுந்து போனார்கள்.

அடுத்த ஆண்டு, 1957 நவம்பர் 19 அன்று, சான் பிரான்சிஸ்கோ நாடகக் குழு ஒன்று ஹெர்பர்ட் பிளாவின் இயக்கத்தில் இதே நாடகத்தை சான் குவென்டின் சிறையில் நடத்தியது. சுமார் 1,400 கைதிகள் பார்த்தார்கள். இந்த நாடகத்தைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம் இதில் பெண் பாத்திரம் இல்லை என்பது. நடிகர்கள் பயந்துகொண்டேதான் போனார்கள். ஆனால் கைதிகள் அமைதியாக, கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்கள். கோடோ யார் என்று அவர்களுக்குக் குழப்பமே இல்லை. ஒவ்வொருவரும் தன் காத்திருத்தலைக் கொண்டுவந்திருந்தார்கள். எஸ்லின் தன் நூலை இந்தச் சம்பவத்தோடுதான் தொடங்குகிறார். பிறகு அந்தச் சிறையில் கைதிகளே நாடகக் குழு தொடங்கினார்கள். அதில் ஒருவரான ரிக் கிளட்சி விடுதலையான பின் பெக்கெட்டின் இயக்கத்திலேயே நடித்தார்.

1993இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக், போரில் முற்றுகைக்குள் இருந்த போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இதை மேடையேற்றினார். முதல் அங்கத்தை மட்டும் நடத்தினார். அந்த நகரத்து மக்களும் அப்போது வெளியிலிருந்து உதவி வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இந்த நாடகங்கள் கடினமானவை என்பதை விட, ஒரு குறிப்பிட்ட எதிர்பார்ப்போடு வருபவர்களுக்குக் கடினமானவை என்பதுதான் சரி.

அரசியல் இல்லையா?

அபத்த நாடகத்துக்கு எழுந்த எதிர்ப்புகளில் கனமானது இதுதான். 1958இல் லண்டனின் அப்சர்வர் பத்திரிகையில் விமர்சகர் கென்னத் டைனன், அயனெஸ்கோவின் உலகம் யதார்த்தத்திலிருந்து துண்டிக்கப்பட்டது, நாடகத்தின் எதிர்காலம் இந்த வழியில் இல்லை என்று எழுதினார். செய்தி சொல்வது நாடகக்காரர் வேலையில்லை, எந்தச் சமூக அமைப்பும் மனிதனின் வாழும் வலியையும் மரண பயத்தையும் ஒழித்துவிடவில்லை என்று அயனெஸ்கோ பதில் எழுதினார். அதமோவ் டைனனின் பக்கம் சாய்ந்தவர் என்றே சொல்லலாம். 1957க்குப் பிறகு அவர் தன் பழைய நாடகங்களை ஒதுக்கிவிட்டு ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் வழியில் அரசியல் நாடகத்துக்குப் போய்விட்டார்.

டைனனின் கேள்வி நியாயமானது. மனித நிலை மாறாதது என்று சொல்லிக்கொண்டே இருந்தால், மாற்றக்கூடிய அநியாயங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் வரலாறு அவர் எதிர்பார்க்காத ஒரு பதிலைக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கொடுத்தது. அங்கே அபத்தம் தத்துவமாக இல்லை, அலுவலக நடைமுறையாக இருந்தது. செக் நாட்டின் வாட்ஸ்லாவ் ஹாவெல் எழுதிய ‘குறிப்பாணை’ (1965) நாடகத்தில், ஓர் அலுவலகத்தில் ப்டிடெபே என்ற செயற்கை மொழி புகுத்தப்படுகிறது. இயக்குநருக்கு அந்த மொழியில் ஒரு குறிப்பாணை வருகிறது. அதை மொழிபெயர்க்க ஓர் அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கு இன்னொரு அனுமதி வேண்டும், அதுவோ முதல் அனுமதி இல்லாமல் கிடைக்காது. பிராகில் பார்த்தவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. போலந்தில் ஸ்லாவோமிர் ம்ரோஷெக் இதே வழியில் எழுதினார். 1968க்குப் பிறகு ஹாவெலின் நாடகங்கள் தடை செய்யப்பட்டன, அவர் சிறைக்குப் போனார். 1989 டிசம்பரில் நாட்டின் அதிபரானார்.

அரசியல் முழக்கம் ஒன்றுகூட இல்லாத நாடகத்தை ஓர் அரசு தடை செய்கிறது என்றால், அதன் வடிவமே எதையோ சொல்லியிருக்கிறது என்றுதானே பொருள்?

எது அபத்த நாடகம், எது இல்லை?

புதிதாக ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பெயரைச் சூட்டும் முன் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. குழப்பம் கடைசியில் விளக்கப்படுகிறதா? எல்லாம் கனவு, எல்லாம் ஒருவனுடைய மனநோய் என்று முடிந்தால் அது மர்ம நாடகம்.

2. மேடையின் உலகத்துக்கு உள்ளே ஒரு நிலையான விதி இருக்கிறதா? எதுவும் எப்போதும் நடக்கலாம் என்றால் அது வெறும் வினோதம். அபத்த நாடகத்தில் விதி இருக்கும், அதற்கான காரணம்தான் இருக்காது.

3. பாத்திரங்களுக்கு அர்த்தம் தேவைப்படுகிறதா? யாருக்கும் எதுவும் வேண்டாம் என்றால் காம்யு சொன்ன மோதலே நடக்காது.

இந்த அளவுகோலில் பின்டரும் அமெரிக்க நாடகாசிரியர் எட்வர்ட் ஆல்பியும் எல்லைக்கோட்டில் நிற்பார்கள். பின்டரின் அறைகள் நிஜ அறைகள், ஆட்கள் நிஜமாகத் தேநீர் குடிப்பவர்கள். அங்கே இல்லாமல் போனது காரணம் மட்டுமே. எஸ்லினின் வகைப்பாடு எல்லோரையும் ஒரே கூடையில் அடைத்துவிட்டது என்ற குறை இன்றைய ஆய்வாளர்களிடம் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் வேறு எந்தப் பெயரும் இதுவரை இதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

எதிலிருந்து தொடங்கலாம்?

முதலில் ‘பாடம்’. ஒரே அங்கம், மூன்று பாத்திரங்கள், மேலே சொன்ன எல்லா மரபுகளும் அதில் இருக்கின்றன. அடுத்து ‘கோடோ’. அதை மௌனமாகப் படிக்காமல் இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டுப் படிப்பது நல்லது. இடைவெளி என்று எழுதியிருக்கும் இடத்தில் உண்மையாகவே நிறுத்திப் படிக்க வேண்டும், அப்போதுதான் அதன் தாளம் பிடிபடும். அரசியல் வழியாக வர விரும்புபவர்கள் ‘காண்டாமிருக’த்தையும் ‘குறிப்பாணை’யையும் எடுக்கலாம். ‘இறுதி ஆட்ட’த்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. கோடோவில் இருக்கும் சாலையும் மரமும்கூட அங்கே கிடையாது, உயரத்தில் இரண்டு சிறிய சன்னல்கள் மட்டும்தான். முதலிலேயே அதை எடுப்பவர்கள் பாதியில் மூடிவைத்துவிட வாய்ப்பு அதிகம். மற்றவற்றைத் தாண்டி வருபவர்களுக்கு, வலிநிவாரணி சாப்பிடும் நேரம் ஆகிவிட்டதா என்று ஹேம் திரும்பத் திரும்பக் கேட்பதில் இருக்கும் நகைச்சுவையும் காதில் விழும்.